தண்ணீர் மாற்றிய மறுநாள் இறந்த இரண்டு தங்கமீன்கள்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் கீழ்வீட்டுக்குப் போனபோது, இரண்டு மீன்களையும் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் கிடத்தி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரண்டா வகை. இலந்தைப்பழத்தை நசுக்கி ஒட்டியதுபோலத் தலையில் சதைக் கிரீடம். செவுள் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தேன். இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் வெளிறி, கொழகொழவென்று சளி பூத்திருந்தது.

பாட்டி பூஜை அறை வாசலில் நின்றபடி, "வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அதுகள் வாங்கிக்கொண்டன, சார். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்" என்றார். அவருடைய பேரன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவன் மட்டும் தொட்டியைவிட்டு நகரவில்லை. "நேற்று நான்தான் தண்ணீர் மாற்றினேன், சார். நான் கொன்றுவிட்டேனா?" என்று கேட்டான்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். பாட்டி சொன்னது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். துக்கத்துக்கு அது நல்ல மருந்து, அதனால் அதோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அந்த மருந்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. காரணம் தெரிந்துவிட்டதால் யாரும் காரணம் தேடுவதில்லை. பத்து நாளில் அதே தண்ணீருக்குள் புது மீன் வந்து இறங்கும், அதுவும் யாருடைய கண்டத்தையோ வாங்கிக்கொள்ளும். பேரன் கேட்டது கேள்வி. கேள்விக்கு விசாரணை உண்டு. இது அந்த விசாரணையின் பதிவு.

தொட்டியின் பூர்வீகம்

எங்கள் அடுக்ககம் பெரம்பூரில் இருக்கிறது. வண்ணமீன் பண்ணைகளுக்கும் கடைகளுக்கும் பேர்போன கொளத்தூர் இங்கிருந்து தொட்டுவிடும் தூரம். எனவே எங்கள் தெருவில் மீன் தொட்டி இல்லாத வீடு குறைவு, செத்த மீன் பார்க்காத வீடு அதைவிடக் குறைவு.

இந்த வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு கண்ணாடிக் கிண்ணம். கண்காட்சியில் இரண்டு மீனோடு சேர்த்து வாங்கியது. பத்து நாளில் இரண்டும் போயின. அப்போதும் கண்டம்தான். கிண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இத்தாலியின் மோன்சா நகரம் 2004-லும், தலைநகர் ரோம் 2005-லும் தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பதைத் தடை செய்தன. நமக்குச் சட்டம் வேண்டாம், ஓர் எளிய கணக்குப் போதும். கிண்ணம் கொள்வது நான்கைந்து லிட்டர். தங்கமீன் கெண்டைக் குடும்பத்து மீன். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சாணுக்கு மேல் வளரும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் 1999-இல் இறந்த ஒரு தங்கமீனுக்கு வயது 43.

பிறகு கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினார்கள். கூழாங்கல்லும் பில்டரும் வைத்த பிறகு அதில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர். மீன் நான்கு: இரண்டு ஒரண்டா, சாதாரண ஒற்றை வால் தங்கமீன் ஒன்று, வாஸ்துவுக்காக ஒரு பிளாக் மூர். பிதுங்கிய கண்ணோடு கன்னங்கரேலென்று இருக்கும் அந்த மீன் திருஷ்டியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் என்பது பொதுநம்பிக்கை. அது இந்தக் கதையில் பிழைத்துக்கொண்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. சமையலறைக் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரை வாளியில் பிடித்து, குளோரின் முறிக்கும் சொட்டுமருந்து விட்டு, ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கைப் பையன் மாற்றினான். மே மாதம் மெட்ரோ தண்ணீர் சுருங்கியது. அப்போது வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "நாம் குடிக்கிற கேன் தண்ணீரையே மீனுக்கும் ஊற்றுங்கள், நோயே வராது" என்று யோசனை சொன்னார். கேன் தண்ணீர் ஊற்றியதும் தொட்டி பளிங்காகிவிட்டது. கண்ணாடியில் படியும் வெள்ளை உப்புக்கறைகூட நின்றுபோனது. பார்க்க அவ்வளவு அழகு. அழகாக இருக்கும் தண்ணீரை எதற்கு மாற்ற வேண்டும்? கேனுக்குக் காசும் ஆகிறது. ஜூலை நடுவில் மாற்றுவது நின்றது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஒரு சொம்பு, இரண்டு சொம்பு ஊற்றியதோடு சரி. இப்படி ஒன்பது வாரம் போனது.

செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் மீன்கள் தரையோடு தரையாக உட்கார ஆரம்பித்தன. முதுகுத் துடுப்பை விரிக்கவில்லை. தீனியைப் பார்த்து ஓடி வருபவை பார்த்துக்கொண்டே இருந்தன. சனிக்கிழமை கைபேசியில் படம் எடுத்துப் போய்க் கடையில் காட்டியபோது, பூஞ்சை என்று சொல்லி ஒரு நீல மருந்துப் புட்டி கொடுத்தார்கள். பையனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று படித்திருந்தான், மாற்றாதது அவனை உறுத்தியது. ஞாயிறு காலை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குளியலறைக் குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினான். மாலைக்குள் நான்கு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடியும்போது இரண்டு மிதந்தன.

வழக்கமான குற்றவாளிகள்

முதல் சந்தேகம் எப்போதும் குளோரின்மேல். ஆனால் எங்கள் கட்டடத்தில் குளியலறைக் குழாயில் வருவது நிலத்தடி நீர் மட்டும். அதில் யாரும் குளோரின் கலப்பதில்லை. அந்த வழக்கு அங்கேயே தள்ளுபடி.

வெப்ப அதிர்ச்சியா? மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் நடுப்பகலில் கொதிக்கும், உண்மைதான். பையன் பிடித்தது காலை ஏழு மணிக்கு. மூச்சுக்காற்றா? ஏர் பம்ப் இரவு முழுவதும் ஓடியிருக்கிறது, மின்வெட்டு இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும், 20 டிகிரியில் அது ஒன்பதைத் தாண்டும். எனவே நம் ஊர்த் தொட்டிகளில் காற்று எப்போதும் கொஞ்சம் இழுபறிதான். இருந்தாலும் தங்கமீன் அவ்வளவு லேசில் மூச்சுத் திணறிச் சாகிற ஜாதி அல்ல. ஆக்சிஜன் அற்றுப்போகும்போது உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிப் பிழைத்திருக்கத் தெரிந்த மீன் அது. பனி மூடிய குளத்தில் அப்படித்தான் தாக்குப்பிடிக்கிறது. (பாட்டியிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மீனுக்குள் சாராயமா என்று இரண்டு நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.)

வெண்புள்ளி இல்லை. துடுப்பு அரிப்பு இல்லை. பஞ்சுபோன்ற பூஞ்சையும் இல்லை. கடைக்காரர் எதைப் பார்த்து அதைச் சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம். மேசைமேல் இருந்த நீல மருந்தின் சீல் உடைபடவில்லை என்று பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அது மெத்திலீன் ப்ளூ. தனித் தொட்டியில் முட்டைக்கும் பூஞ்சைக்கும் நல்ல மருந்துதான். ஆனால் பில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றினால் பில்டரில் குடியிருந்து மீன் கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கும்.

பால்கனி வாளி

என் சோதனைப் பெட்டியை எடுத்து வந்தேன். ஐந்து மில்லி தண்ணீர், இரண்டு புட்டிகளில் இருந்து எட்டெட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம் காத்திருப்பு. குப்பியில் மஞ்சள் நின்றால் மீன் கழிவில் வரும் அமோனியா இல்லை என்று பொருள், பச்சை ஏற ஏற ஆபத்து. ஐந்து நிமிடம் ஆவதற்கு முன்பே குப்பி பாசிப்பச்சையாகிவிட்டது. அட்டையின் கடைசிக் கட்டம் அது: லிட்டருக்கு 8 மில்லிகிராம். நைட்ரைட் பூஜ்யம். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8.0.

இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு வருடம் ஓடிய தொட்டியில் அமோனியா 8 வரக் கூடாது. வந்தால் அதைத் தின்னும் பாக்டீரியா கொஞ்சமாவது நைட்ரைட் விட்டிருக்க வேண்டும். நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் பில்டர் வேலையை விட்டுப் பல நாளாகியிருக்கிறது. ஏன்? பி.எச். 8 என்பது அந்தப் பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த அளவாயிற்றே.

பதில் பால்கனியில் இருந்தது. மீன் தண்ணீர் செடிக்கு நல்லது என்று பாட்டி ஞாயிறு காலை இறைத்த பழைய தண்ணீரில் ஒரு வாளியை எடுத்து வைத்து, துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றியது போக மீதியை அப்படியே விட்டிருந்தார். இறந்த தண்ணீரின் சாட்சி அது. அவர் மட்டும் அதை எடுத்து வைக்காமல் போயிருந்தால் இந்த விசாரணை பாதியில் நின்றிருக்கும்.

வாளித் தண்ணீரில் பி.எச். சொட்டு விட்டதும் குப்பி வெளிர்மஞ்சளாகியது. என் அட்டையில் அதற்குக் கீழே நிறமே இல்லை: 6.0. அமோனியா அட்டையைத் தாண்டிப் போனது. எனவே ஒரு பங்கு வாளித் தண்ணீரோடு மூன்று பங்கு வாலை வடிநீர் கலந்து மறுபடி பார்த்தேன். 4 காட்டியது. நான்கால் பெருக்கினால் 16.

ஆக, ஞாயிறு காலை வரை மீன்கள் இருந்த தண்ணீரில் அமோனியா 16. அதில் அவை சோர்ந்து கிடந்தன, சாகவில்லை. தண்ணீர் மாற்றியபின் அமோனியா பாதியாகி 8. அதில் செத்தன. விஷத்தைப் பாதியாகக் குறைத்ததும் மீன் சாகிறது என்றால் யார் நம்புவார்கள்?

கணக்கு

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியே விடுகிறது. தண்ணீரில் அது இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அமோனியா. மின்னூட்டம் இல்லாத, செவுளின் மெல்லிய தோலுக்குள் சுலபமாக நுழையும் வேடம். விஷம் இதுதான். மற்றொன்று அமோனியம். மின்னூட்டம் உள்ளது, அவ்வளவு எளிதில் உள்ளே போக முடியாதது, பெரும்பாலும் தீங்கற்றது. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. சோதனைப் பெட்டி இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். வீட்டில் சோதனை செய்பவர்களில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

30 டிகிரியில், பி.எச். 6 என்றால் மொத்தத்தில் 0.08 சதவீதம் மட்டுமே விஷ வேடம். 16 மில்லிகிராமில் அது 0.013. பழைய தண்ணீரில் மீன் உயிரோடு இருந்ததற்கு இதுவே காரணம். அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் ஏழரை சதவீதம். 8 மில்லிகிராமில் அது 0.6. மொத்தம் பாதியானது, விஷம் நாற்பத்தைந்து மடங்குக்குமேல் ஏறியது. நீண்ட காலம் 0.05 இருந்தாலே செவுள் கெடத் தொடங்கும். காற்றுக்குழாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோதே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தது இதனால்தான். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தது, அதை எடுக்கும் உறுப்பு வெந்துகொண்டிருந்தது. அத்துடன் 6-லிருந்து 8-க்கு ஒரே மணி நேரத்தில் தாவியதும் தன் பங்குக்கு அடித்திருக்கும். இரண்டு அடியும் ஒரே வாளியில் வந்தவை.

இனி, பி.எச். 6-க்கு எப்படி இறங்கியது? வாளியின் பக்கத்தில் நின்ற புதுக் கேனில் இருந்து கொஞ்சம் எடுத்துக் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் கார்பனேட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். இந்தச் சோதனையில் ஒவ்வொரு சொட்டாக விட்டு எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். கேன் தண்ணீர் முதல் சொட்டிலேயே மாறியது. குளியலறைத் தண்ணீருக்குப் பதினான்கு சொட்டு ஆனது.

மீன் விடும் அமோனியாவை பில்டரில் உள்ள பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டு அந்த அமிலத்தைத் தின்று பி.எச். இறங்காமல் தாங்கிப் பிடிக்கும். ஒரு மில்லிகிராம் அமோனியாவுக்கு ஏழு மில்லிகிராம் கார்பனேட்டு செலவு. இந்த வீட்டில் ஒரு நாளைக்கு அரை கிராம் தீனி போடுகிறார்கள். புரதம் 35 சதவீதம் உள்ள தீனி என்றால் கிராமுக்குச் சுமார் 30 மில்லிகிராம் அமோனியா வரும். அரை கிராமுக்குப் பதினைந்து. 45 லிட்டரில் பங்கிட்டால் லிட்டருக்கு நாள்தோறும் மூன்றில் ஒரு மில்லிகிராம். அதற்கு நாள்தோறும் இரண்டே கால் மில்லிகிராம் கார்பனேட்டு போக வேண்டும். கேன் தண்ணீரில் இருந்த 18 மில்லிகிராம் எத்தனை நாளைக்கு? எட்டு நாள்.

அரிசிப்பானை காலியானதும் உலை நின்றதுபோலத்தான். கார்பனேட்டு தீர்ந்து பி.எச். சரிய, பாக்டீரியாவின் வேலை மெதுவாகி, 6-ஐ நெருங்கியதும் ஏறக்குறைய நின்றேவிட்டது. அதன்பிறகு விட்ட அமோனியா விட்டபடியே சேர்ந்தது. ஏழு வாரம், நாளுக்கு மூன்றில் ஒன்று. பெருக்கினால் 16 வருகிறது. வாளியில் அளந்த எண்ணும் தாளில் போட்ட எண்ணும் இவ்வளவு அச்சாக ஒத்துப்போனது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். அதில் பாதி அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாட்டி அவ்வப்போது போடும் பிஸ்கட் தூள் கணக்கில் சேரவில்லையே.

கேன் தண்ணீர் மனிதருக்குக் குடிக்க நல்லதாக இருக்கலாம். நாம் அதில் வசிப்பதில்லை. உப்புகள் வடிகட்டப்பட்ட தண்ணீரை மட்டுமே ஊற்றித் தங்கமீன் வளர்ப்பதைவிட, வெள்ளைக்கறை படியும் நம் நிலத்தடி நீரே மேல் என்பது என் உறுதியான கருத்து. கெண்டைக் குடும்பத்து மீனுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர் ஒத்துப்போகும். கண்ணாடியில் கறை படிந்தால் எலுமிச்சைத் தோல் இருக்கிறது.

பையனின் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. "நீ செய்தது வேறு எந்தத் தொட்டியிலும் சரியான காரியம், தம்பி. இந்தத் தொட்டியில் மட்டும் வரிசை மாறிப்போனது" என்றேன். அவனுக்கு அது போதவில்லை, வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. பழைய தொட்டியில் மீன் சுணங்கினால் தண்ணீரைத் தொடுவதற்கு முன் பி.எச். பார்க்க வேண்டும். 6-க்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் அதே கேன் தண்ணீரைக்கொண்டே மாற்ற வேண்டும். பி.எச். ஏறாது, அமோனியா மட்டும் குறையும். மூன்று கேன் செலவழித்திருந்தால் 16 என்பது மூன்றுக்குக் கீழே வந்திருக்கும். அதன்பிறகு நிலத்தடி நீரை நாளுக்கு இரண்டு மூன்று சொம்பு வீதம் ஒரு வாரத்தில் கலந்திருக்கலாம். காலை நேரத்தில் கையில் சோதனைப் பெட்டியும் இல்லாத பதினான்கு வயதுப் பையன் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். எனக்கே இது தெரிந்தது என் சொந்தத் தொட்டி ஒன்றைப் பறிகொடுத்த பிறகுதான்.

அன்னக்கூடையில் இரண்டு பேர்

மிச்சம் இருந்தவை ஒற்றை வால் மீனும் பிளாக் மூரும். இரண்டும் ஏற்கெனவே ஒரு நாள் பி.எச். 8-இல் இருந்துவிட்டன. எனவே இப்போது அவற்றை அதே குழாயின் புதுத் தண்ணீருக்கு நேரடியாக மாற்றலாம், புதிதாக அதிர்ச்சி இல்லை. சோப்புப் படாத பாத்திரம் வேண்டும் என்றேன். துணி அலசும் வாளிகள் எல்லாம் தகுதியிழந்தன. கடைசியில் பாட்டி பரணில் இருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் அன்னக்கூடையை இறக்கித் தந்தார், மகள் கல்யாணத்தில் சாதம் கொட்டி வைத்தது. முப்பது லிட்டர் பிடித்தது. ஏர் பம்பின் குழாயை அதற்கு மாற்றினோம்.

சமையல் தராசில் 30 கிராம் கல் உப்பை நிறுத்து, தனியே கரைத்து, மூன்று தவணையாக ஊற்றினேன். லிட்டருக்கு ஒரு கிராம். கைப்பிடிக் கணக்கு என் வீட்டில் ரசத்துக்கு மட்டும். வெந்த செவுளுக்கு இந்த அளவு உப்புச் சுமையைக் குறைக்கும். பின்னால் நைட்ரைட் ஏறும்போதும் காப்பாற்றும், அதற்கு வருகிறேன். தீனி மூன்று நாள் கிடையாது என்றதும் பாட்டியின் முகம் வாடியது. மீன் பட்டினி கிடக்குமே? தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. தின்றதைச் சேர்த்து வைக்க இடம் இல்லாததால் அது நாளெல்லாம் மேய்ந்துகொண்டே இருக்கும், எப்போது பார்த்தாலும் பசித்ததுபோல் வாய் திறக்கும். கண்ணாடிப் பக்கம் போனால் ஓடி வருவது பாசமும் இல்லை, பசியும் இல்லை, பழக்கம். மூன்று நாள் என்ன, ஒரு வாரம்கூட நல்ல மீன் தாங்கும்.

ஒற்றை வால் மீன் புதன்கிழமையே பழையபடி சுற்றத் தொடங்கியது. மனிதர் கைபடாத உடலமைப்புக்கு இருக்கும் உறுதி அது. பிளாக் மூர், ஒரண்டா எல்லாம் சீனாவில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து உருவாக்கிய வடிவங்கள். மேலிருந்து பார்த்து ரசிக்கப் பெரிய மண்பாண்டங்களில் வைத்தார்கள். குட்டை உடல், மடங்கிய குடல், பிதுங்கிய கண் என்று அழகு கூடக்கூட உள்ளே நெருக்கடி. மூருக்கு வால் ஓரம் கிழிந்து, ஒன்பது நாள் கூடையின் ஓரத்திலேயே நின்றது. பத்தாம் நாள் தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணியில் பாதியை நசுக்கிப் போட்டேன். இரண்டு முறை துப்பிவிட்டு மூன்றாவது முறை விழுங்கியது. அந்த நேரம் பாட்டி, பையன், நான் என்று மூன்று தலைகள் அன்னக்கூடைக்கு மேல் கவிந்திருந்தன.

பில்டருக்கு உயிர் கொடுத்தது

தொட்டியை முழுவதும் வடித்து, நிலத்தடி நீரால் நிரப்பினோம். பில்டர் ஸ்பாஞ்சைப் பையன் ஞாயிறன்றே குழாயடியில் வெள்ளையாகும்வரை கசக்கியிருந்தான். என் தொட்டியில் மூன்று வருடமாக ஓடும் ஸ்பாஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, இதைப் பிழி என்றேன். கருப்பட்டிப் பாகுபோல ஒரு கறுப்புச் சாறு தொட்டிக்குள் இறங்கியது. "சார், இது அழுக்கு" என்று பதறினான். நாம் வாங்க முடியாத பொருள் அந்த அழுக்குத்தான். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சின் துளைகளில் படலமாக வாழ்கிறது. எதுவும் இல்லாத புதுத் தொட்டியில் அது தானாக வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரத்துக்குள்தான் புதிதாக வாங்கிய மீன்கள் பல சாகின்றன. முதல் கிண்ணத்து மீன்களின் கண்டமும் அதுவே. பிழிந்த ஸ்பாஞ்சையும் அவர்கள் பில்டர் மேலேயே கட்டிவிட்டு வந்தேன்.

பிறகு தினமும் அளந்தோம். இரண்டு மீனையும் திரும்ப விட்ட மூன்றாம் நாள் அமோனியா அரை மில்லிகிராம், ஏழாம் நாள் கால், பத்தாம் நாள் குப்பி சுத்தமான மஞ்சள். நடுவில் ஐந்தாம் நாள் நைட்ரைட் 1 வரை ஏறியது. நைட்ரைட் இரத்தத்துக்குள் புகுந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகும். ஆனால் அது செவுளில் நுழையும் அதே வாசலில்தான் உப்பின் குளோரைடும் நுழைகிறது. கூட்டத்தில் குளோரைடு முந்திக்கொண்டால் நைட்ரைட் வெளியே நிற்கும். அதற்காகத்தான் தொட்டியிலும் அதே லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. பதினாறாம் நாள் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10.

இப்போது அந்த வீட்டில் நடப்பது இதுதான். சனிக்கிழமை காலை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், நிலத்தடி நீரை முந்தைய இரவே வாளியில் பிடித்து வைத்து. ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே இரண்டு முக்கு. மிதக்கும் தீனிக்குப் பதில் மூழ்கும் தீனி, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு வேளை. கேன் தண்ணீர் மனிதருக்கு மட்டும்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. இரண்டடித் தொட்டி இந்த இரண்டு மீனுக்கே இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். மூன்றடித் தொட்டி வேண்டும் என்கிறேன். அது நிறைந்தால் இருநூறு கிலோவுக்கு மேல் போகும், தொலைக்காட்சி வைக்கும் மேசை தாங்காது, இரும்புச் சட்டம் அடிக்க வேண்டும் என்கிறார் பையனின் அப்பா. பேச்சுவார்த்தை நடக்கிறது. வளர்ந்த மீனை ஏரியில் விட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். அதற்கு மட்டும் நான் குரலை உயர்த்தினேன்.

சோதனைப் பெட்டி ஒன்றைப் பையன் தன் சேமிப்பில் வாங்கிவிட்டான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிய நோட்டுத் தாளில் வாரம் ஒரு வரி எழுதுகிறான். போன சனிக்கிழமை வரி: "பி.எச். 7.9, அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. மூர் நலம். பாட்டி மறுபடியும் இரண்டு வேளை தீனி போட்டார்."